ஒற்றை இழை டிஎன்ஏவைக் காக்கும் புரதங்கள்: உயர்தர மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வெள்ளவத்தையில் தமிழ் மொழிமூலத்தில் உயர்தர உயிரியல் படிப்பிக்கிறேன். டிஎன்ஏ இரட்டிப்பு என்று வந்தால் பாடப்புத்தகத்தில் ஹெலிக்கேஸ், பிரைமேஸ், பொலிமரேஸ், லிகேஸ் என்று நொதியங்களுக்கெல்லாம் பந்தி பந்தியாக விளக்கம் இருக்கிறது. ஒற்றை இழையோடு பிணையும் புரதத்துக்கு மட்டும் ‘பிரிந்த இழைகள் மறுபடி சேராமல் வைத்திருக்கும்’ என்று ஒரே வரி. பரீட்சைக்கு அது போதும். ஆனால் பிள்ளைகளின் கேள்விகள் அந்த வரியோடு நிற்பதில்லை. திரும்பத் திரும்ப வருகிறவற்றையும் பெற்றோர் கேட்ட ஓரிரண்டையும் இங்கே சேர்த்திருக்கிறேன். பற்றீரியாவில் இருக்கும் புரதத்தை எஸ்எஸ்பி என்றும், நம் கலங்களின் கருவில் இருப்பதை ஆர்பிஏ என்றும் எழுதுகிறேன். ஆய்வுகூடங்களில் அப்படித்தான் சொல்கிறார்கள்.

டிஎன்ஏ இரட்டை இழைதானே? ஒற்றை இழை எங்கிருந்து வருகிறது?

இரட்டை இழையாக இருப்பது டிஎன்ஏயின் ஓய்வு நிலை. வேலை செய்ய வேண்டுமென்றால் திறக்க வேண்டும். இரட்டிப்பு நடக்கும்போது திறக்கிறது. புற ஊதாக்கதிரோ இரசாயனமோ கெடுத்த துண்டை வெட்டி எறியும்போது மற்ற இழை தனியாக நிற்கிறது. இரண்டு இழையும் ஒரே இடத்தில் அறுந்துபோனால், திருத்துவதற்கு முன் அறுந்த முனைகளைக் கலமே கொஞ்சத் தூரம் அரித்து ஒற்றை இழையாக்கிக்கொள்கிறது. ஒடுக்கற்பிரிவில் குறுக்குப்பரிமாற்றம் நடக்கும்போதும் இதே கதைதான். அப்புறம் நிறமூர்த்தங்களின் நுனியில் எப்போதுமே ஒரு சின்ன ஒற்றை இழை வால் நீட்டிக்கொண்டிருக்கிறது. அது தனிக் கதை, பின்னால் வருகிறது.

திறந்து கிடந்தால் என்ன? கொஞ்ச நேரம்தானே?

கொஞ்ச நேரம்தான், ஆனால் அந்த நேரத்துக்குள் கெடுவதற்கு வழிகள் பல.

பாடப்புத்தகம் சொல்வது பிரிந்த இழைகள் மறுபடி சேர்வதை. உண்மையில் அதைவிடப் பெரிய தொல்லை, இழை தன்மேலேயே மடிந்துகொள்வது. இழையில் வரிசையாக இருக்கும் நைதரசன் மூலங்கள் நான்கு வகை: ஏ, டீ, ஜி, சி. ஏ டீயோடும் ஜி சியோடும் சோடி சேரும். ஓர் இழையில் அங்கே ஒரு ஏடீஜிசி, இங்கே ஒரு ஜிசிஏடீ என்று ஒன்றுக்கொன்று பொருந்தும் துண்டுகள் நிறைய இருக்கும். அவை தங்களுக்குள் ஐதரசன் பிணைப்புப் போட்டுக்கொண்டு கொண்டை ஊசி மாதிரி வளைந்துவிடும். நகலெடுக்கும் நொதியமான பொலிமரேஸ் வந்து அதில் முட்டி நிற்கும். துண்டு துண்டாக, ஒகசாகித் துண்டுகளாக நகலெடுக்கப்படும் இழையை நினைத்துப் பாருங்கள். அதன் பழைய துணை இழை அதற்குள் புதிய துணையோடு சேர்ந்துவிட்டது. மறுபடி சேர்வதற்கு அங்கே ஆளே இல்லை. ஆபத்து முழுக்கத் தன்மேல் மடிவதில்தான். இதை வகுப்பில் வரைந்து காட்டினால்தான் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடுகிறது.

இரண்டாவது, கலத்துக்குள் ஒற்றை இழையைத் தின்னும் நொதியங்கள் (நியூக்கிளியேசுகள்) ஏராளம். மூன்றாவது, வேதியியல். சைற்றோசீனில் (சி) இருக்கும் அமைன் கூட்டம் தண்ணீரோடு தாக்கமடைந்து கழன்றுபோனால் அது யுராசிலாக மாறிவிடும். இரட்டை இழைக்குள் ஒளிந்திருக்கும் சைற்றோசீனுக்கு இது மிக மெதுவாக நடக்கிறது. ஒற்றை இழையில் 100 மடங்குக்கும் அதிக வேகத்தில் நடக்கிறது. அந்த இடத்தை நகலெடுத்தால் ஜி வர வேண்டிய இடத்தில் ஏ வந்துவிடும். அதுதான் விகாரம்.

எஸ்எஸ்பியும் ஒரு நொதியமா?

இல்லை. பலதேர்வு வினாவில் இதில் சறுக்குகிறவர்கள் அதிகம் என்பதால் தெளிவாகவே சொல்கிறேன். எஸ்எஸ்பி எந்தத் தாக்கத்தையும் ஊக்குவிப்பதில்லை. கலத்தின் சக்தி மூலக்கூறான ஏடிபியை உடைப்பதில்லை. இழைகளைப் பிரிப்பது ஹெலிக்கேஸ். அதற்குத்தான் ஏடிபி வேண்டும். பிரிந்த பின் வந்து பிடித்துக்கொள்வது மட்டும்தான் எஸ்எஸ்பியின் பிணைப்பு வேலை.

குழப்பத்துக்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. ஏயும் டீயும் மட்டுமே மாறி மாறி வரும் செயற்கை டிஎன்ஏயை எடுத்து இந்தப் புரதத்தைப் போதுமான அளவு சேர்த்தால், சூடாக்காமலே இழைகள் பிரிந்துவிடுகின்றன. ஒற்றை இழையோடு அவ்வளவு விருப்பமாகப் பிணைவதால் சமநிலையையே அந்தப் பக்கம் இழுத்துவிடுகிறது. ஆரம்ப கால ஆய்வாளர்கள் இதைப் பார்த்துவிட்டு, இழைகளைப் பிரிக்கும் புரதம் இதுதான் என்றே எழுதினார்கள். இயற்கையான நீண்ட டிஎன்ஏயில் அது தானாக நடப்பதில்லை.

இதை யார் கண்டுபிடித்தார்கள்?

புரூஸ் ஆல்பர்ட்ஸ். 1960களின் கடைசியில் அவர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது ஒரு எளிய உத்தியைச் செய்து பார்த்தார். செலுலோசுத் துகள்களில் டிஎன்ஏயை ஒட்டி, ஒரு கண்ணாடிக் குழாயில் நிரப்பி, கலங்களைப் பிழிந்தெடுத்த சாற்றை அதன் வழியே ஓடவிட்டார். டிஎன்ஏயோடு ஒட்டும் புரதம் தங்கிவிடும், மற்றவை ஓடிவிடும். பிறகு உப்புச் செறிவைக் கூட்டிக்கூட்டிக் கழுவினால், எது எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறதோ அந்த வரிசையில் வெளியே வரும்.

ஈகோலை என்ற பற்றீரியாவைத் தாக்கும் டி4 என்ற வைரசின் 32ஆவது பரம்பரையலகு உருவாக்கும் புரதம் இப்படித்தான் பிடிபட்டது. அது இல்லாமல் அந்த வைரசு பெருக முடியாது என்று மரபியலாளர்களுக்கு முன்பே தெரியும். அது என்ன செய்கிறது என்று மட்டும் தெரியாது. ஆல்பர்ட்சும் லிண்டா பிரேயும் 1970இல் அதை வெளியிட்டார்கள். ஈகோலையின் சொந்தப் புரதமான எஸ்எஸ்பி 1972இல் வந்தது. மனிதக் கலத்தின் ஆர்பிஏ 1980களின் பிற்பகுதியில், எஸ்வி40 என்ற வைரசின் டிஎன்ஏயைக் குழாய்க்குள் இரட்டிக்கச் செய்ய என்னென்ன புரதம் வேண்டும் என்று தேடியபோது கிடைத்தது.

எப்படிப் பிடிக்கிறது? ஒற்றை இழை எது, இரட்டை இழை எது என்று அதற்கு எப்படித் தெரியும்?

இரட்டை இழையில் நைதரசன் மூலங்கள் உள்ளே அடுக்கப்பட்டிருக்கின்றன. வெளியே தெரிவது சீனியும் பொசுபேற்றும்தான். ஒற்றை இழையில் மூலங்களின் தட்டையான முகங்கள் வெளியே தெரிகின்றன. எஸ்எஸ்பி தேடுவது அந்த முகத்தைத்தான். அதன் பள்ளத்தில் டிரிப்டோபன், பினைல்அலனின் போன்ற, வளையம் கொண்ட அமினோவமிலங்கள் இருக்கின்றன. இந்தத் தட்டை வளையங்கள் மூலங்களின் தட்டை முகத்தோடு அடுக்காகப் பொருந்திக்கொள்கின்றன. ஈகோலை எஸ்எஸ்பியில் 40, 54, 88ஆம் இடங்களில் இருக்கும் டிரிப்டோபன்களும் 60ஆம் இடத்துப் பினைல்அலனினும் இந்த வேலையைச் செய்கின்றன. கூடவே நேர் ஏற்றம் கொண்ட அமினோவமிலங்கள் பொசுபேற்றின் மறை ஏற்றத்தைப் பிடிக்கின்றன. மூலம் ஏயா ஜியா என்று அது பெரிதாகப் பார்ப்பதில்லை. பார்க்கவும் கூடாது, எந்த இடம் திறந்தாலும் மூட வேண்டுமே.

அந்தப் பள்ளத்தைத் தாங்கும் மடிப்புக்கு ஓபி மடிப்பு என்று பெயர். புரதச் சங்கிலியின் ஐந்து பீட்டா இழைகள் சேர்ந்து சுருண்டு சின்னப் பீப்பாய் மாதிரி ஆகியிருக்கும். ஈகோலையில் ஒரே மாதிரியான நான்கு புரதங்கள் சேர்ந்து ஓர் அலகாக வேலை செய்கின்றன. ஆளுக்கு ஒன்றாக நான்கு ஓபி மடிப்பு. டைனோகொக்கஸ் ரேடியோடூரன்ஸ் என்ற பற்றீரியா பயங்கரக் கதிர்வீச்சையும் தாங்கும். அதில் ஒரு புரதத்துக்குள்ளேயே இரண்டு ஓபி மடிப்பு. அதனால் இரண்டு புரதம் சேர்ந்தாலே கணக்கு நான்காகிவிடுகிறது. நம்முடைய ஆர்பிஏ வேறு வழியில் வந்தாலும், அதிலும் டிஎன்ஏயைப் பிடிக்கும் முக்கியப் பகுதிகள் நான்குதான். வெவ்வேறு வழியில் வந்தும் அதே எண்ணில் வந்து நிற்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம்.

ஒரு எஸ்எஸ்பி எவ்வளவு நீளத்தை மூடும்?

சூழலைப் பொறுத்தது. உப்புக் குறைவாக இருந்தால் நான்கில் இரண்டு பள்ளம் மட்டும் பிடிக்கும், ஏறத்தாழ 35 நியூக்கிளியோடைட்டு (இழையின் அலகு, ஒன்றுக்கு ஒரு மூலம்) மூடப்படும். உப்புக் கூடினால் இழை நான்கையும் சுற்றி வரும், 65 வரை போகும். இந்த 65ஐ வைத்து ஒரு கணக்குப் போடலாம். பற்றீரியாவின் ஒகசாகித் துண்டு 1000 முதல் 2000 வரை நீளம், ஆக ஒவ்வொரு துண்டுக்கும் 15 முதல் 30 எஸ்எஸ்பி அலகுகள் வேண்டும். ஈகோலையில் பொலிமரேஸ் ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 1000 நியூக்கிளியோடைட்டு போகிறது. அதாவது ஓரிரண்டு செக்கனுக்குள் இத்தனை அலகுகளும் வந்து ஏறி, பிறகு இறங்கியும் ஆக வேண்டும்.

சரி, அவ்வளவு இறுக்கமாகப் பிடித்தால் பொலிமரேஸ் எப்படி உள்ளே வரும்?

இந்தத் தலைப்பில் கேட்க வேண்டிய கேள்வியே இதுதான் என்பேன். பிடிப்பது எளிது. பிடித்ததைச் சரியான ஆளிடம், சரியான நேரத்தில் கொடுப்பதில்தான் கலத்தின் உயிர் இருக்கிறது.

புறக்கோட்டையில் பஸ் வந்து நிற்கும்போது ஜன்னல் வழியாகச் சீட்டில் பையைப் போட்டு இடம் பிடிப்பார்கள் தெரியுமா? பை சீட்டை மற்றவர்களிடமிருந்து காப்பாற்றும். சொந்தக்காரர் வந்ததும் எடுத்துவிடலாம். எஸ்எஸ்பி அந்தப் பை மாதிரி. ஆணியடித்த பலகை மாதிரி இருந்திருந்தால் கலம் செத்துவிடும்.

எப்படி எடுபடுகிறது? முதலாவது, எஸ்எஸ்பி இழையில் அசையாமல் உட்கார்ந்திருப்பதில்லை. தனித்தனி மூலக்கூறுகளை ஒளிரவைத்துப் பார்த்த ஆய்வு 2009இல் வந்தது. எஸ்எஸ்பி இழையை விடாமலே அதன்மேல் முன்னும் பின்னும் நகர்கிறது என்று அதில் தெரிந்தது. நகரும்போது வழியில் இருக்கும் கொண்டை ஊசி மடிப்புகளையும் அவிழ்த்துவிடுகிறது. பின்னால் பொலிமரேஸ் தள்ளிக்கொண்டு வந்தால் நகர்ந்து இடம் கொடுக்கும்.

இரண்டாவது, அதன் வால். எஸ்எஸ்பியின் உடலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் ஒழுங்கான மடிப்பு. மீதி தளர்வாக நீண்டு தொங்குகிறது. அதன் நுனியில் இருக்கும் சில அமினோவமிலங்கள் பற்றீரியாக்களில் ஏறத்தாழ மாறாமலே இருக்கின்றன: அஸ்பாற்றிக் அமிலம் வரிசையாக, கடைசியில் ஐசோலூசின், புரோலின், பினைல்அலனின். இந்த நுனி டிஎன்ஏயைத் தொடுவதில்லை, மற்றப் புரதங்களைத் தொடுகிறது. இரட்டிப்பைச் செய்யும் பொலிமரேஸ் 3இன் ஒரு துணை அலகு, தொடக்கத் துண்டைப் போடும் பிரைமேஸ், திருத்தும் ஹெலிக்கேஸ்கள், யுராசிலைப் பிடுங்கும் நொதியம் என்று ஒரு டசினுக்கு மேற்பட்ட புரதங்கள் இந்த நுனியில் வந்து பிடிக்கின்றன. திறந்த டிஎன்ஏ எங்கே இருக்கிறது என்று அவை தேடி அலைய வேண்டியதில்லை. எஸ்எஸ்பி இருக்கும் இடத்துக்கு வந்தால் போதும்.

அந்த வால் இல்லாவிட்டால் என்ன ஆகும்?

செத்துப்போகும். இதை நிரூபிக்க இரண்டு பழைய ஈகோலை விகாரங்கள் அழகாக உதவுகின்றன. இரண்டும் குறைந்த வெப்பநிலையில் வளரும், சூடாக்கினால் வளராது.

முதலாவதில் 55ஆம் இடத்து ஹிஸ்டிடின் தைரோசினாக மாறியிருக்கிறது. நான்கும் சேர்ந்து நிற்க முடியாமல் தனித்தனியாக உதிர்ந்துவிடும், அதனால் டிஎன்ஏயைச் சரியாகப் பிடிக்க முடியாது. இது எதிர்பார்க்கக்கூடியது. இரண்டாவதில் வால் நுனிக்குப் பக்கத்தில், 176ஆம் இடத்துப் புரோலின் செரினாக மாறியிருக்கிறது. இந்தப் புரதம் டிஎன்ஏயை நன்றாகவே பிடிக்கிறது. ஆனாலும் கலம் பிழைப்பதில்லை. மூடிக்காப்பது மட்டும்தான் வேலை என்றால் இரண்டாவது விகாரம் எந்தத் தொல்லையும் தந்திருக்கக் கூடாது. பாடப்புத்தகத்தின் அந்த ஒற்றை வரி போதாது என்று நான் சொல்வதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

ஆர்பிஏ வேறு புரதமா, எஸ்எஸ்பியின் மறுபெயரா?

வேறு. ஆர்பிஏயில் 70, 32, 14 கிலோடால்ரன் (புரதத்தின் திணிவை அளக்கும் அலகு) அளவில் மூன்று வெவ்வேறு துணை அலகுகள். ஏறத்தாழ 30 நியூக்கிளியோடைட்டு மூடும். ஓபி மடிப்பு மட்டும் பொது. எஸ்எஸ்பி வாலால் செய்வதை ஆர்பிஏ தன் உடலில் இருக்கும் தனிப் பகுதிகளால் செய்கிறது. அதோடு, டிஎன்ஏ சேதமானால் 32 கிலோடால்ரன் அலகில் பொசுபேற்றுக்கள் ஒட்டப்படுகின்றன. ஒரு கலத்தில் டிஎன்ஏ எவ்வளவு பாடுபட்டிருக்கிறது என்று பார்க்க விரும்பும் ஆய்வாளர்கள் முதலில் தேடும் அடையாளங்களில் இதுவும் ஒன்று.

அம்மா ஒருவர் கேட்டது: மார்பகப் புற்றுநோயோடு சம்பந்தப்பட்ட பிஆர்சிஏ2வுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு. இரண்டு இழையும் அறுந்தால், அரிக்கப்பட்ட முனைகளை முதலில் ஆர்பிஏ மூடுகிறது. திருத்துவதற்கு ரேட்51 என்ற புரதம் அந்த இழையில் ஏற வேண்டும். அதுதான் மற்றச் சோடி நிறமூர்த்தத்திலோ அதே நிறமூர்த்தத்தின் நகலான சகோதர அரைநிறவுருவிலோ பொருத்தமான வரிசையைத் தேடிப் பிடிக்கும். ஆனால் ஆர்பிஏ இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறதே! ரேட்51ஆல் தனியாக அதைக் கிளப்ப முடிவதில்லை. பிஆர்சிஏ2 என்ற புரதம்தான் ரேட்51ஐக் கூட்டிவந்து, ஆர்பிஏயை விலக்கி, அந்த இடத்தில் ஏற்றிவிடுகிறது. பரம்பரையாக வந்த பிழையால் பிஆர்சிஏ2 வேலை செய்யாத கலத்தில் இந்தக் கைமாற்றம் நடப்பதில்லை. அறுந்த இடங்கள் பிழையாக ஒட்டப்படுகின்றன, விகாரங்கள் சேர்கின்றன.

பற்றீரியாவிலும் இதே சிக்கல் உண்டு. அங்கே ரேட்51இன் வேலையைச் செய்யும் ரெக்ஏ ஏற வேண்டும், எஸ்எஸ்பி தடுக்கிறது, ரெக்எஃப், ரெக்ஓ, ரெக்ஆர் என்ற மூன்றும் வழிவிட உதவுகின்றன. வேடிக்கை என்னவென்றால் எஸ்எஸ்பி அடியோடு இல்லாவிட்டாலும் ரெக்ஏக்குச் சரிவராது. கொண்டை ஊசி மடிப்புகளை அவிழ்த்து வைக்க ஆள் வேண்டுமே.

குடும்பத்தில் யாருக்காவது மார்பக, சூலகப் புற்றுநோய் இருந்து அதனால் இந்தக் கேள்வி எழுந்திருந்தால், பாடக் குறிப்பை நம்பி எந்த முடிவும் எடுக்காதீர்கள். வைத்தியரிடம் கேளுங்கள்.

ஆர்பிஏ தீர்ந்துபோனால்?

தீர்ந்துபோகலாம்! 2013இல் கோபன்ஹேகன் ஆய்வுக் குழு ஒன்று இதைக் காட்டியது. இரட்டிப்புத் தடைப்பட்டு ஒற்றை இழைகள் மிகுதியாகத் திறந்தால், கருவில் இருக்கும் ஆர்பிஏ முழுவதும் அவற்றில் ஏறிவிடுகிறது. இனி மூட ஆளில்லை என்ற கட்டத்தில், கரு முழுவதும் நகலெடுத்துக்கொண்டிருந்த இடங்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் உடையத் தொடங்குகின்றன. ஆர்பிஏயைக் கூடுதலாகக் கொடுத்தால் உடைவது தள்ளிப்போகிறது.

சாதாரணமாக அந்த நிலை வராமல் பார்த்துக்கொள்வது ஏடிஆர் என்ற நொதியம். ஆர்பிஏ மூடிய நீளமான இழைதான் ஏடிஆரை வரவழைக்கும் அழைப்பு. 2003இல் லீ சோவும் ஸ்டீபன் எலஜும் இதைக் கண்டார்கள். ஏடிஆர் வந்ததும் கலப்பிரிவை நிறுத்திவைத்து, புதிய இடங்களில் இரட்டிப்புத் தொடங்குவதையும் தடுக்கும்.

டி4 வைரசு இந்தக் கணக்கை இன்னும் சாமர்த்தியமாகச் செய்கிறது. அதன் 32ஆம் புரதம், மூட வேண்டிய டிஎன்ஏ எல்லாவற்றையும் மூடிய பிறகு மிச்சமிருந்தால், தன்னை உருவாக்கும் செய்தியைக் கொண்டுபோகும் தூது ஆர்என்ஏயிலேயே போய் உட்கார்ந்து தன் உற்பத்தியை நிறுத்திவிடும்.

கொழும்பு வெயிலில் நின்றால் டிஎன்ஏ கெடும் என்கிறார்கள். இதில் ஆர்பிஏக்கு வேலை உண்டா?

உண்டு. நாம் மத்திய கோட்டிலிருந்து 7 பாகை தள்ளித்தான் இருக்கிறோம். மார்ச், ஏப்ரல் மதியத்தில் புற ஊதாக்கதிர்ச் சுட்டெண் 11ஐத் தாண்டும். அந்தக் கதிர் தோலின் டிஎன்ஏயில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு தைமீன்களை ஒட்டவைத்துவிடும். கலம் அந்த இடத்தைச் சுற்றி இழைகளைப் பிரித்து, கெட்ட இழையிலிருந்து 30க்குக் கிட்டத்தட்ட நியூக்கிளியோடைட்டு நீளத்தை வெட்டி எடுத்துவிடுகிறது. ஆர்பிஏ ஒன்று மூடுவதும் ஏறத்தாழ அவ்வளவு நீளம்தான். அது நல்ல இழையில் ஏறி உட்கார்ந்து, வெட்டும் நொதியங்கள் கெட்ட இழையை மட்டும் வெட்டும்படி நிறுத்திவைக்கிறது. பிறகு அந்த நல்ல இழையைப் பார்த்துத்தான் இடைவெளி நிரப்பப்படுகிறது. இந்தத் திருத்த வழியை விளக்கிய அசீஸ் சங்கார், 2015 இரசாயனவியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

குடையை விட்டுவிட்டு வருவதற்கு இதைச் சாட்டாகச் சொல்ல வேண்டாம். திருத்தத்துக்கு நேரம் வேண்டும், எல்லாமும் திருத்தப்படுவதில்லை.

டெங்கு வைரசுக்கும் ஒற்றை இழைதானே? அதையும் எஸ்எஸ்பி மூடுமா?

டெங்கு சீசன் வந்தால் இந்தக் கேள்வியும் வந்துவிடும். டெங்குவின் மரபுப்பொருள் ஒற்றை இழை ஆர்என்ஏ, ஏறத்தாழ 10,700 நியூக்கிளியோடைட்டு. டிஎன்ஏ இல்லை. அது கருவுக்குள் போய்ப் பெருகுவதுமில்லை. அகமுதலுருச் சிறுவலையின் மென்சவ்வை வளைத்துத் தனக்கு அறைகள் செய்துகொண்டு அங்கே பெருகுகிறது. ஹெலிக்கேஸ் வேலையை என்எஸ்3 புரதமும் பொலிமரேஸ் வேலையை என்எஸ்5 புரதமும் பார்க்கின்றன. நமது ஆர்பிஏக்கு அங்கே இடமில்லை.

அப்போ ஒற்றை இழை டிஎன்ஏ உள்ள வைரசு ஏதும் இருக்கிறதா?

நாய் வளர்க்கும் வீட்டுக்குத் தெரிந்திருக்கும்: பார்வோ. குட்டிகளுக்கு இரத்தத்தோடு வயிற்றோட்டம் வந்து ஓரிரு நாளில் சரிந்துவிடுமே, அந்த நோயின் வைரசுக்கு ஏறத்தாழ 5000 நியூக்கிளியோடைட்டு நீளமான ஒற்றை இழை டிஎன்ஏதான். இவ்வளவு சின்ன மரபுத்தொகுதியில் பொலிமரேசுக்கு இடமில்லை, மூடும் புரதத்துக்கும் இடமில்லை. எல்லாவற்றையும் நாயின் கலத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறது. இதே குடும்பத்து எலி வைரசில் செய்த ஆய்வுகளில் விருந்துவழங்கியின் ஆர்பிஏ இல்லாமல் இரட்டிப்பு ஓடவில்லை.

இதிலிருந்தே நோயின் போக்கும் புரிந்துவிடும். இரட்டிப்பு இயந்திரம் முழுதாக ஓடிக்கொண்டிருக்கும் கலம்தான் வைரசுக்கு வேண்டும். அப்படிப்பட்ட கலங்கள் எங்கே அதிகம்? குடலின் உட்சுவரில், எலும்பு மச்சையில், வளரும் குட்டியின் உடலெங்கும். அதனால்தான் வயிற்றோட்டம், வெண்குழியக் குறைவு, குட்டிகளுக்கு அதிக ஆபத்து. தடுப்பூசி இருக்கிறது, போட்டுவிடுங்கள்.

இழைமணியிலும் டிஎன்ஏ இருக்கிறதே?

இருக்கிறது, 16,569 சோடி. அதற்குத் தனி எஸ்எஸ்பி. கருவில் உள்ள பரம்பரையலகிலிருந்து உருவாகி இழைமணிக்குள் போகிறது. ஆனால் தோற்றத்தில் ஆர்பிஏயைவிட ஈகோலையின் எஸ்எஸ்பியைத்தான் ஒத்திருக்கிறது. நான்கு சேர்ந்த அதே அமைப்பு. இழைமணி ஒரு காலத்தில் பற்றீரியாவாக இருந்தது என்ற கருத்துக்கு நல்ல பொருத்தம். இழைமணி டிஎன்ஏ இரட்டிக்கும்போது ஓர் இழை நீண்ட நேரம் தனியாக நிற்பதால் இந்தப் புரதம் இல்லாமல் ஆகாது. இதன் பரம்பரையலகில் விகாரம் உள்ள குடும்பங்களில் பார்வை நரம்பு மெலிந்து பார்வை குறைவது 2019 முதல் விவரிக்கப்பட்டிருக்கிறது.

நிறமூர்த்த நுனியில் இருக்கும் வால்?

டெலோமியர். டீடீஏஜிஜிஜி என்ற வரிசை திரும்பத் திரும்ப வந்து, கடைசியில் ஒற்றை இழையாக முடியும். அங்கே ஆர்பிஏ ஏறினால் ஏடிஆர் வந்து ‘டிஎன்ஏ உடைந்துவிட்டது’ என்று கலப்பிரிவை நிறுத்திவிடும். எனவே அந்த இடத்துக்கு பொட்1 என்ற தனிப் புரதம் இருக்கிறது. 2001இல் கண்டுபிடிக்கப்பட்டது. மற்றவற்றைப் போலில்லாமல் இது வரிசை பார்த்துத்தான் பிணைகிறது. மடிப்பு மட்டும் அதே ஓபி மடிப்பு.

ஆய்வுகூடத்தில் இதனால் ஏதும் பயன் உண்டா?

நிறைய. இரத்தமோ மலமோ கலந்த மாதிரிகளில் பிசிஆர் (டிஎன்ஏயைச் சூடாக்கி ஆறவைத்துப் பெருக்கும் முறை) சரியாக ஓடாதபோது டி4இன் 32ஆம் புரதத்தைச் சேர்த்தால் பல சமயம் ஓடுகிறது. அதே புரதத்தை வைத்து, 95 பாகைக்குச் சூடாக்காமல் 37 முதல் 42 பாகைக்குள்ளேயே டிஎன்ஏயைப் பெருக்கும் முறை ஒன்று 2006இல் வந்தது. இழையைத் திறப்பதற்கு வெப்பத்துக்குப் பதிலாக ரெக்ஏ போன்ற ஒரு புரதம், திறந்ததைத் தாங்க 32ஆம் புரதம். சின்ன வைத்தியசாலைக்குத் தோதான விஷயம்.

பரீட்சையில் எவ்வளவு எழுத வேண்டும்?

கேட்டதற்கு மட்டும். ‘ஹெலிக்கேசினால் பிரிக்கப்பட்ட இழைகளோடு பிணைந்து, அவை மீண்டும் சோடி சேராமல் உறுதிப்படுத்தும், படித்தகடாகப் பயன்படத் தயாராக வைத்திருக்கும்’ என்றால் புள்ளி வரும். கட்டுரை வினாவில் இடமிருந்தால் நியூக்கிளியேசுகளிலிருந்து பாதுகாப்பதையும் சேருங்கள். ஓபி மடிப்பு, ஏடிஆர் எல்லாம் எழுதி நேரத்தை வீணாக்க வேண்டாம். திருத்துகிறவர் புள்ளித்திட்டத்தைப் பார்த்துத்தான் போடுவார்.

இதை மேலே படிக்க விரும்பினால் கொழும்பில் எங்கே?

கொழும்புப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடத்தில் உயிரியல் சார்ந்த பட்டங்கள் இருக்கின்றன. பட்டத்துக்குப் பிறகு என்றால், கொழும்பு 3, குமாரதுங்க முனிதாச மாவத்தையில் அதே பல்கலைக்கழகத்தின் உயிர் இரசாயனவியல், மூலக்கூற்று உயிரியல், உயிர்த்தொழில்நுட்ப நிறுவகம் இருக்கிறது; மூலக்கூற்று உயிரியலில் பட்டப்பின் படிப்பு அங்கே உண்டு. விரிவுரை ஆங்கிலத்தில்தான் நடக்கும். தமிழ் மொழிமூலத்தில் படிக்கிறவர்கள் நொதியங்களின், புரதங்களின் ஆங்கிலப் பெயர்களை இப்போதே கொப்பியின் ஓரத்தில் எழுதிப் பழகிக்கொள்ளுங்கள், முதல் வருடத்தில் அரைவாசிப் பாரம் குறையும்.